பழைய பென்ட்லியை நீலகிரிக்குக் கொண்டுவருவது: விலை பேசுவதிலிருந்து டிஎன்-43 எண் பலகை வரை

வேறு மாநிலப் பதிவில் உள்ள ஒரு பென்ட்லி கான்டினென்டல் ஜிடியை வாங்கி, நீலகிரியில் உங்கள் பெயருக்குப் பதிவு செய்து, மலையில் நல்லபடியாக வைத்துக்கொள்ள நினைக்கிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. நான் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல், எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்தது. விற்பவருக்குப் பணம் வந்ததும் வேலை முடிந்தது. ஊரில் உள்ள ஏஜென்டுகள் மாருதிக்கும் ஜீப்புக்கும் பதிவு மாற்றித் தருவதில் கெட்டிக்காரர்கள், ஆனால் சுங்கக் காகிதத்தோடு வரும் வண்டி அவர்களிடம் அடிக்கடி வருவதில்லை. பெரிய நகரத்து மெக்கானிக்குக் காரைத் தெரியும், மலையைத் தெரியாது. இந்த மூன்றையும் இணைப்பது வாங்குபவரின் வேலையாகிவிடுகிறது.

ரோல்ஸ் ராய்ஸ் ரேய்த், ஆஸ்டன் மார்ட்டின் டிபி11 போன்ற மற்ற இறக்குமதிக் கூப்பேக்களுக்கும் காகித வேலை இதேதான். கொடைக்கானலில் இருப்பவர்கள் டிஎன்-43 என்ற இடத்தில் திண்டுக்கல்லின் டிஎன்-57 என்று படித்துக்கொள்ளலாம்.

1. எந்தத் தலைமுறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

2003-இல் வந்த முதல் தலைமுறையில் 12 சிலிண்டர் கொண்ட 6 லிட்டர் டபிள்யூ12 எஞ்சின் மட்டும்தான். 2011-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. 2012 முதல் அதில் 8 சிலிண்டர் கொண்ட 4 லிட்டர் வி8 எஞ்சினும் கிடைத்தது. மூன்றாம் தலைமுறை 2018-இல் தொடங்கியது. விலை குறைவு என்பதால் பலருடைய கண் முதல் தலைமுறை மேல்தான் விழும். அங்கேதான் நிதானம் வேண்டும். அந்த டபிள்யூ12 எஞ்சின் அறைக்குள் கை நுழைய இடமில்லாமல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற கார்களில் ஒரு மதியத்தில் முடிகிற சில வேலைகளுக்கு இதில் எஞ்சினையே கீழே இறக்க வேண்டிவரும். உதிரிபாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். போதாததற்கு 2024 ஜூலையோடு டபிள்யூ12 உற்பத்தியையும் பென்ட்லி நிறுத்திவிட்டது.

மலையில் வைத்து ஓட்ட என்னைக் கேட்டால், இரண்டாம் தலைமுறை வி8 என்று சொல்வேன். மூக்குப் பக்கத்தில் கனம் குறைவு, அது வளைவுகளில் தெரியும். 507 குதிரைத்திறன் இந்தச் சாலைகளுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

எதை வாங்கினாலும், அதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கேட்டுக்குப் போங்கள். காரின் நீளம் 4.8 மீட்டர். பக்கக் கண்ணாடிகளை விரித்தால் அகலம் 2 மீட்டரைத் தாண்டும். எடை தலைமுறையைப் பொறுத்து 2.2 முதல் 2.4 டன். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பல வீடுகளின் வாசலுக்கு எஸ்டேட் பாதையிலிருந்து செங்குத்தாக இறங்கும் சிமென்ட் சரிவுதான் இருக்கிறது. சரிவு தரையைத் தொடும் இடத்தில் முன் பம்பரின் அடிப்பகுதி உரசுமா என்பதை, அதே அளவு தாழ்வான ஒரு செடான் காரை விட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். காரில் ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தும் பொத்தான் உண்டு. ஆனால் தினமும் அதை நம்பித்தான் வீட்டுக்குள் நுழைய முடியும் என்றால் சரிவைத் திருத்திக் கட்டுவது நல்லது.

2. முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இது. காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே இவற்றின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற ஆளிடம் மேலே பேச வேண்டாம்.

முதலாவது, சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணம், அதாவது பில் ஆஃப் என்ட்ரி. வண்டியின் சேசிஸ் எண் அதில் இருக்க வேண்டும், வரி கட்டிய விவரமும் இருக்க வேண்டும். தூதரக அதிகாரிகளுக்கான வரி விலக்கில் வந்த வண்டிகளும், கார்னே என்ற தற்காலிக அனுமதியில் வந்து திரும்பிப் போகாத வண்டிகளும் சந்தையில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த சொகுசு வண்டிகளைத் தேடிக் கேரளாவில் சுங்கத் துறை சோதனை நடத்தியது நினைவிருக்கும். நல்ல விலை கொடுத்து வாங்கியவர்களின் வாசலில் இருந்துதான் அந்த வண்டிகள் போயின. ஆர்சி சுத்தமாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

இரண்டாவது, முதன்முதலில் வாங்கியபோது கொடுத்த இன்வாய்ஸ். இதை வைத்துத்தான் தமிழ்நாட்டில் உங்கள் வரியே முடிவாகும். 2017-க்கு முன் தமிழ்நாட்டுக்குள் இறக்குமதியாகிப் பின் வெளியே போன வண்டி என்றால் நுழைவு வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். அந்த வரி நீதிமன்ற வழக்காகவே பல வருடம் ஓடியது. பாக்கி இருந்தால் பழைய கதை உங்களிடம் வந்து நிற்கும்.

மூன்றாவது, ஆர்சி எந்தப் பெயரில் இருக்கிறது என்பது. இந்த வகைக் கார்களில் நிறைய கம்பெனி பெயரில் வாங்கப்பட்டவை. கம்பெனி என்றால் விற்பதற்கான இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல், கையெழுத்துப் போடுபவருக்கு உள்ள அதிகாரக் கடிதம் இரண்டும் வேண்டும். அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள். இருந்தால் இயக்குநருக்கே அதை விற்கும் உரிமை இல்லை.

அப்புறம் கடன். ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால் படிவம் 35-இல் வங்கியின் கையெழுத்தும் தடையில்லாக் கடிதமும் வேண்டும். 'கடன் முடிந்துவிட்டது, பெயரை மட்டும் நீக்கவில்லை' என்பார்கள். நீக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். பரிவாகன் தளத்தில் அபராதச் செலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். பெரிய நகரத்துக் கார்களில் வேகத்துக்கான செலான்கள் சேர்ந்து கிடக்கும். அவை தீராமல் வேலை நகராது.

கடைசியாக, பதிவுக் காலம். தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு. 2010-க்கு முந்தைய முதல் தலைமுறை வண்டிகள் எல்லாம் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. இறக்குமதி காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணமே 40,000 ரூபாய்; 20 வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை 80,000 ஆக்கிவிட்டார்கள். தில்லியில் 15 வயதைக் கடந்த பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அங்கிருந்து ஆச்சரியமான விலைக்கு வண்டிகள் வரும். பழைய ஊரின் தடையில்லாச் சான்றிதழ் கைக்கு வராமல் அந்தப் பக்கம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

3. சாலை வரியைக் கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வரி, பிறகு பேரம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காரின் ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். நம் வண்டி கடைசிப் படியில்தான் வரும். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்றபடி விகிதம் இறங்கும். ஆனால் அந்த விகிதம் போடப்படுவது வண்டியின் ஆரம்ப விலை மீது, நீங்கள் இப்போது கொடுக்கும் விலை மீது அல்ல. 3 கோடிக்கு வாங்கப்பட்ட காரை நீங்கள் 80 லட்சத்துக்கு வாங்கினாலும், கணக்கு 3 கோடியிலிருந்துதான் தொடங்கும். பலருடைய கனவு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. முன்பணம் கொடுத்த பிறகு நிற்பதைவிட முன்பே நிற்பது மேல்.

இன்வாய்ஸ் நகலையும் ஆர்சி நகலையும் எடுத்துக்கொண்டு ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த வயது, இந்த விலை, வரி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் சொல்லும் தோராயத்தை நம்ப வேண்டாம்; இந்த விலையில் ஒரு சதவீதம் தப்பினாலும் லட்சங்கள்.

இன்னும் இரண்டு வரிகள் உண்டு. டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. அது விலைக்குள் இருக்கிறதா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும் இடத்திலேயே வசூலிக்கும் வருமான வரி) பிடித்தால் அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

4. காரை நேரில் பார்க்கும்போது

குளிர்ந்த எஞ்சினோடுதான் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் முதல் நாள் மாலையே போய், நான்கு சக்கரங்களிலும் மையத்திலிருந்து மட்கார்டின் வளைவு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிவிட்டு வாருங்கள். மறுநாள் காலை திரும்ப அளந்து பாருங்கள். ஏதாவது ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே காரைக் காற்றால் தாங்கும் ஏர் ஸ்ட்ரட் கசிகிறது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் களைத்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைக்க வேண்டும்.

அடுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின் ஓரத்தில் மழைநீர் வடிவதற்கான பள்ளம் இருக்கிறது. முதல் இரண்டு தலைமுறைகளிலும் அதன் வடிகால் துளைகள் இலை விழுந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் பிரேக் அழுத்தத்துக்குத் துணை செய்யும் பிரேக் சர்வோ துருப்பிடிக்கும், இன்னும் ஏறினால் காருக்குள்ளேயே வந்து கம்பளத்துக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டிகளை நனைக்கும். முன் சீட்டின் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். ஈர வாசனை வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். நம் ஊர் மழை அதை இன்னும் கெடுக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். குறைவாக ஓடிய கார்களில் கோடு ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நான்கையும் மாற்றும் செலவு உங்கள் பட்டியலில் ஏற வேண்டும். மாற்றியமைத்த எக்ஸாஸ்ட் இருந்தால் பழையதைத் திரும்பப் பொருத்தித்தரச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஒட்டியுள்ள கருப்பு ஃபிலிமையும் எடுத்துவிட வேண்டும். இரண்டுமே பதிவு ஆய்வில் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடியவை.

பென்ட்லியின் சர்வீஸ் மையம் இருக்கும் நகரத்தில் கார் இருந்தால், காசு கட்டி அங்கேயே முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். கார் வாங்காமல் போனாலும் அது வீண் செலவு இல்லை.

5. என்ஓசியும் பெயர் மாற்றமும்

விற்பவர் பழைய ஊர் ஆர்டிஓவில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றிதழ் (என்ஓசி) கேட்க வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி அதில் ஒட்டப்படும். 'எந்த அலுவலகத்துக்கு' என்ற இடத்தில் நீலகிரி மாவட்டம், உதகமண்டலம் என்று தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே தமிழ்நாடு என்றோ கோவை என்றோ போட்டுவிட்டால் திரும்ப அங்கே அலைய வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து ஆர்சியில் உள்ளது போலவே இருக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்பவர் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். வேறு மாநில எண்ணோடு 12 மாதம் வரை ஓட்டலாம் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்துவார்கள். அந்த 12 மாதம் எண் மாற்றுவதற்கானது, பெயர் மாற்றத்துக்கு அது பொருந்தாது.

என்ஓசியோடு பழைய அலுவலகத்தின் பதிவேட்டுச் சாற்றையும் வாங்கிவிடுங்கள், அதைத்தான் பி எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள். கைக்கு வந்த அதே இடத்தில் நின்று சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஊட்டியில் யாராலும் திருத்த முடியாது. கொடுத்த அலுவலகம்தான் திருத்த வேண்டும். என்னை அதிகம் காக்க வைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

6. இன்சூரன்ஸ்

வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பெயர் மாற்றம் இல்லாமல் எதுவும் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி, விற்றவருக்கே சொந்தம்; அந்த வித்தியாசத் தொகையை உங்களிடம் வாங்குவார்கள்.

1500 சிசிக்கு மேற்பட்ட காரின் மூன்றாம் நபர் பிரீமியம் 7,897 ரூபாய் என்று 2022-இல் வைத்தார்கள். அது பெரிய விஷயமில்லை. பெரிய தொகை சொந்தச் சேதத்துக்கானது. வயதான காருக்குத் தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி கிடைப்பது கஷ்டம். காரை வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எஞ்சின் பாதுகாப்பைச் சேர்க்கலாம். மலையிலிருந்து இழுத்துச் செல்லும் உதவியில் எத்தனை கிலோமீட்டர் வரை என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பலவற்றில் அது கோவை வரைக்குக்கூடப் போதாது.

7. மலைக்குக் கொண்டுவருவது

மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ என்றால் மூடிய கன்டெய்னர் லாரி. பயணச் சேதத்துக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள். லாரியை மேட்டுப்பாளையத்தோடு நிறுத்திவிட்டு, அங்கிருந்து பகல் வெளிச்சத்தில் ஓட்டி வாருங்கள்.

பெங்களூருவிலிருந்து என்றால் நீங்களே ஓட்டிவரலாம். பந்திப்பூர், முதுமலை வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்து கிடையாது. தெப்பக்காட்டில் மசினகுடிப் பக்கம் திரும்பிக் கல்லட்டி ஏறாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான ஏற்றம், பழகாத கனமான கார் மூன்றும் முதல் நாளில் சேர வேண்டாம். கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழி சுற்றுத்தான், ஆனால் சாலை அகலம்.

வெளி எண்ணோடு இருக்கும்வரை நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். டிஎன்-43 எண் வந்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஊரில் வசிப்பவர் சீக்கிரம் எண் மாற்ற இதுவே போதுமான காரணம்.

8. ஊட்டி ஆர்டிஓவில்

முகவரிச் சான்று மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே வீடு வாங்கி ஆதாரில் சென்னை முகவரியே வைத்திருப்பவர்கள் முதலில் ஆதாரை மாற்றிவிடுங்கள். அதற்கே கொஞ்ச நாள் பிடிக்கும். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஓசி, புதிய எண் கேட்கும் படிவம் 27, பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30, மூல ஆர்சி, பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், உங்கள் பெயருக்கு மாறிய இன்சூரன்ஸ், செல்லுபடியாகும் புகைச் சான்று எல்லாவற்றையும் இதே வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போங்கள். கூடவே இரண்டு செட் நகல். இறக்குமதி காருக்குப் புதிய எண் ஒதுக்கும் கட்டணம் 5,000 ரூபாய், பெயர் மாற்றத்துக்கு அதில் பாதி. ஆயுள் வரியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

மோட்டார் வாகன ஆய்வாளர் காரை நேரில் பார்ப்பார். சேசிஸ் எண் காரில் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று ஓனர் மேனுவலில் பார்த்து, முதல் நாளே துடைத்து, போன் கேமராவில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். எஞ்சின் எண்ணைப் பார்க்க மூடிகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அதைத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மழை மாதங்களில் காலையில் போவது நல்லது, மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஆய்வு தள்ளிப்போகும். பழைய அலுவலகம் என்ஓசியை இணையத்தில் உறுதிசெய்யும்வரை கோப்பு அசையாது. அதனால் விற்றவரின் தொலைபேசி எண்ணையும் அவருடைய ஒத்துழைப்பையும் அதுவரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையில் ஒரு சிறு தொகையை என்ஓசி உறுதியான பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுவது நல்ல வழி.

9. மலைப்பாதையில் ஓட்டுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழியில் வளைவுகள் குறைவு; இந்தக் காருக்கு நான் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கிறேன். கோடை சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு, குஞ்சப்பனை இரண்டு பக்கமும் யானை சாலைக்கு வரும். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் சாலைகளில் காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

ஏற்றத்தில் கார் திணறாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிந்தாலும் டர்போ அதை ஈடுகட்டிவிடும். மூன்றாம் தலைமுறையில் மட்டும் ஒரு கவனம் தேவை: அதில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். சீசன் நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் கிளட்சைச் சுட்டுவிடும். பிரேக்கில் நில்லுங்கள். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி கிடைத்த பிறகு நகருங்கள்.

இறக்கம்தான் இந்தக் காருக்குச் சோதனை. இரண்டேகால் டன் எடையைப் பிரேக் மட்டும் தாங்கக் கூடாது. ஸ்டியரிங் பின்னால் உள்ள, கியர் மாற்றும் பேடிலால் இரண்டாம் கியருக்கு, நேர்ச் சரிவில் மூன்றாம் கியருக்கு நீங்களே இறக்கி, எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். கியரைத் தானியங்கி நிலையான டி-யில் விட்டுவிட்டு வந்தால் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும், உங்கள் கால் பிரேக்கிலேயே இருக்கும். பிரேக்கைத் தொட்டால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். தேய்த்துக்கொண்டே வர வேண்டாம். கருகல் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

அகலம் பழகும்வரை ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் அரசுப் பேருந்து தெரிந்தால் வளைவுக்கு முன்பே நில்லுங்கள். பேருந்துக்கு முழு வளைவும் வேண்டும், நம் காருக்கும் திரும்ப 11 மீட்டர் வட்டம் வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலும் உள்ளது. அப்படி விடும்போது ஓரப் பள்ளத்தில் டயர் இறங்காமல் பாருங்கள். 20, 21 அங்குலச் சக்கரத்தில் ரப்பர் மெல்லியது, ரிம் விரிசல் விட ஒரு குழி போதும். முழு அளவு ஸ்டெப்னி இதில் இல்லை.

டயர் காற்று பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவு கூடும், குளிரால் குறையும். இரண்டும் ஏறக்குறைய சமனாகிவிடுகின்றன. கார் இரவில் நிற்கிற ஊரில், காலையில், ஓட்டுவதற்கு முன் அளந்து கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி வையுங்கள். சமவெளிக்குப் போகும்போதெல்லாம் மாற்றத் தேவையில்லை.

பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன், எவ்வளவு எத்தனால் வரை என்று எழுதியிருக்கும். பழைய தலைமுறைகள் 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. கோவைக்குப் போகும்போது எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் விற்கும் பங்கைத் தேடி நிரப்பிவிடுங்கள். 90 லிட்டர் டேங்க் என்பதால் பல நாள் வரும்.

10. மழையும் குளிரும்

ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. இலை வடிகாலை அடைப்பது பற்றி மேலே சொன்னேன். வீட்டைச் சுற்றி யூக்கலிப்டஸோ சைப்ரஸோ இருந்தால் வாரம் ஒருமுறை அந்தப் பள்ளத்தைக் கையால் சுத்தம் செய்யுங்கள். செலவில்லாத வேலை இது, செய்யாமல் விட்டால் லட்சக் கணக்கில் போகும்.

தோல் சீட்டில் பூஞ்சை பிடிப்பது அடுத்தது. தையல் ஓரத்தில் வெள்ளையாகத் தொடங்கும். காரைத் துணி மூடியால் இறுக மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். கூரையுள்ள கொட்டகையில் மூடாமல் விடுவதே மேல். மூடிய கராஜ் என்றால் ஈரப்பதத்தை உறிஞ்சும் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். வெயில் வரும் நாளில் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

முதல் இரண்டு தலைமுறைகளிலும் பின் பூட்டில் இரண்டு பேட்டரி. இரண்டு வாரம் ஓட்டாமல் நின்றால் சோர்ந்துவிடும், அப்புறம் காரில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். பலர் அதைப் பெரிய கோளாறு என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். நின்றிருக்கும்போது மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவியை இணைத்து வையுங்கள், மின்வெட்டும் ஏற்ற இறக்கமும் உள்ள ஊர் என்பதால் ஸ்டெபிலைசர் வழியாக. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் முன் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

11. சர்வீஸ்

மாவட்டத்துக்குள் இந்தக் காரைத் திறக்கத் தெரிந்த இடம் இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பெங்களூருவிலோ கோவையிலோ ஜெர்மன் கார்களில் பழகிய, சரியான ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக் ஒருவரைக் காரை வாங்கும் முன்பே பிடித்துவிடுங்கள். முதல் தலைமுறை, ஃபோக்ஸ்வேகன் ஃபேட்டனோடு ஒரே அடித்தளத்தில் வந்தது. பல பாகங்கள் அதே குழுமத்தின் மற்ற கார்களிலும் உள்ளவை. விமான அஞ்சலில் பென்ட்லி பெட்டியில் வருவதைவிட அந்த வழியில் கணிசமாகக் குறைவாகக் கிடைக்கும். வண்டி வழியில் நின்றுபோனால், முழுதாக மேலே ஏற்றும் படுக்கை லாரிதான். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் லாரியில் மாட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள், நான்கு சக்கரமும் இயங்கும் கார் இது.

வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்கென்று தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு வாங்குங்கள் என்பது என் கணிப்பு. டயர், பேட்டரி, பிரேக், ஏர் ஸ்ட்ரட் என்று முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த வருடத்தில்தான் வரும்.

12. பழைய மாநிலத்தின் வரியைத் திரும்பக் கேட்பது

டிஎன்-43 ஆர்சி கைக்கு வந்ததும், முதல் மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். புதிய ஆர்சி நகல், தமிழ்நாட்டில் வரி கட்டிய ரசீது, பழைய வரி ரசீது, என்ஓசி நகல் எல்லாம் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். பணம் பல மாதம் கழித்துத்தான் வரும், யார் பெயரில் வரும் என்பதிலும் தகராறு வரலாம். அதனால் அந்தத் தொகை வாங்கியவருக்கே சேரும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, விண்ணப்பத்தில் தேவைப்படும் கையெழுத்துகளையும் விற்பவரிடம் அன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள்.